துட்டி கேட்கப் போன பிள்ளை

ஒரு கன்னத்தில் அடித்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்டிய ஒரு மிஷனரியின் கதையை வாசித்துக்கொண்டிருக்கும்போதே என் மகனை நான் அறைந்திருக்கிறேன். விரல் வைத்து வாசிக்கச் சொன்ன நேரத்தில் அவன் மூக்கை நோண்டிக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்கு ஏழு வயது. அழவில்லை. கதையில் வந்தது போலவே அடுத்த கன்னத்தைத் திருப்பிக் காட்டினான். கொழுப்பைப் பார் என்று அதிலும் ஒன்று வைத்தேன். அவனுக்கு நாலு வயது மூத்தவளான என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கும் ஒன்று கிடைத்தது. எனக்கு வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் சொல்வதைப் படிக்கும்போது என்னை நல்லவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் பிறந்தது தெற்கே, செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய ஒரு ஊரில், வேதக்காரர்கள் என்று சொல்லும் கிறிஸ்தவக் குடும்பத்தில். வாழ்க்கைப்பட்டது சிவகாசியில், பட்டாசுக் கம்பெனி நடத்தும் இந்து வீட்டில். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு வாயைப் பிளப்பார்கள். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். "சாதி ஒண்ணு, சாமிதானே வேற" என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கே இரண்டு வீட்டாரும் ஒரே குரலில் சொன்னார்கள். சாமி வேறாக இருந்தால் பந்தி போடுவார்கள், சாதி வேறாக இருந்தால் அரிவாளைத் தேடுவார்கள். அந்தக் கணக்கில் நான் தப்பித்த பெண். பொட்டு வைத்துக்கொண்டேன், பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மன் கோயிலில் தீச்சட்டி எடுக்கிறவர்கள் காலில் தண்ணீர் ஊற்றினேன். என் மாமியார் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "கதை படி, பாட்டுப் படி, நான் ஒண்ணும் சொல்லலை. பிள்ளைக தலையில தண்ணிய மட்டும் ஊத்திப்புடாத." ஞானஸ்நானத்தைத்தான் அப்படிச் சொன்னார். நான் ஊற்றவில்லை.

ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்தும் கேள்விக்குப் பதில் சொல்லியும் நான் பரிசாக வாங்கிய கதைப் புத்தகங்கள் பதினைந்து இருபது என்னோடு சீராக வந்திருந்தன. எல்லாம் மிஷனரிகளின் கதைகள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பெனி லீவு. கறிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு என் கணவர் குறட்டை விடுவார். அந்த நேரத்தில் பிள்ளைகளை அடுக்களைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் உட்கார வைத்து ஒரு கதை வாசிப்பேன். அரிசி மூட்டைமேல் மகன், தரையில் மகள், முக்காலியில் நான். பூண்டு உரித்தபடி சுவரோரம் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண்.

அவள் ஆமத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மினிபஸ்ஸில் வருவாள். முப்பது வயது இருக்கும். புருஷன் விட்டுவிட்டுப் போய், அக்கா வீட்டில் இருந்தாள். என் பிள்ளைகள் அவளைச் சித்தி என்று கூப்பிட்டார்கள். வேலைக்காரியைச் சித்தி என்பதா என்று மாமியாருக்கு முகம் சுருங்கும். நான் அதைக் கண்டுகொண்டதில்லை. என் மகளுக்கு முதல் பேன் பார்த்ததும், சைக்கிள் பழக்கியதும், தன் ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு போனதும் அவள்தான்.

பிள்ளைகளுக்குக் கதையில் வேண்டியது ரத்தம். தீவில் இறங்கிய வெள்ளைக்கார டாக்டரை ஈட்டியால் குத்துகிற பக்கம் வந்தால் என் மகன் மூட்டையிலிருந்து இறங்கி நெருங்கி வருவான். "எத்தனை குத்தும்மா? எங்க குத்துனாங்க? குடல் வந்துச்சா?" புத்தகத்தில் 'அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று மட்டும் போட்டிருக்கும். அவனுக்கு அது போதாது. நானே ஏழு குத்து, வயிற்றில் மூன்று என்று சேர்த்துச் சொல்வேன். சித்திக்கு வேறு கவலை. "ஏங்க்கா, அந்த ஆளு செத்துப் போயிட்டாரு, சரி. அவரு பொண்டாட்டிக்கு அந்தத் தீவுல யாரு சோறு போட்டா?" அதுவும் புத்தகத்தில் இல்லை.

ஒரு நாள் மகன் கேட்டான்: "நம்ம காளி கொல்லுது. உங்க சாமி சாகுது. அப்ப எதும்மா பெரிய சாமி?"

உங்க சாமி என்று என் வயிற்றில் பிறந்தவனே என்னைப் பிரித்துச் சொன்னது சுருக்கென்று தைத்தது. பதில் சொல்ல வாய் எடுப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டாள். "கொல்ற சாமிகிட்ட பயந்துகிட்டுப் போறோம். சாகுற சாமிகிட்ட அழுகப் போறோம். ரெண்டு இடத்துலயும் கூட்டத்துக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்லயே." இவ்வளவு காலம் பிரசங்கம் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தப் பதில் வந்திருக்காது. பொறாமையாகக்கூட இருந்தது.

இன்னொரு கதை ஊர் ஊராகப் போய் வேதம் சொன்ன எங்கள் தென்பகுதி உபதேசியார் ஒருவருடையது. மேல்சாதி மிராசுதார் ஒருவன் அவரைப் புளியமரத்தில் கட்டி, நனைத்த கயிற்றால் அடித்து, மணிக்கட்டை உலக்கையால் நொறுக்குகிறான். ஒரு மாதம் கழித்து அந்த உபதேசியார் தொங்கும் கையோடு அடித்தவனின் வாசலுக்குப் போய், உன்னை மன்னித்துவிட்டேன் என்கிறார். நான் உருகி உருகி வாசித்து முடித்தேன். என் மகளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அடி வாங்குனவரு எதுக்கும்மா போறாரு? அடிச்சவன்ல வரணும்?"

"அதானே" என்றாள் சித்தி. "பாப்பா சொல்றதுதான் நியாயம். எங்க ஊருல வெட்டுனவன் வீட்டுலருந்து ஒருத்தனும் துட்டிக்கு வரலைன்னா அந்தப் பகை அறாது."

துட்டி என்றால் எங்கள் பக்கம் சாவு வீடு. துட்டி கேட்பது என்றால் போய்த் தலையைக் காட்டி, கூட உட்கார்ந்து, அழ வந்தால் அழுவது. கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மறந்துவிடுவார்கள், துட்டிக்குப் போகாவிட்டால் பேரன் காலம் வரைக்கும் பேச்சு வார்த்தை இருக்காது. இது எனக்கும் ரத்தத்தில் ஊறியதுதான். அதனால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பெரிய வேதபண்டிதர் மாதிரி மகளிடம் சொன்னேன்: "நீ சொல்றதுதான் சரி. தப்புப் பண்ணவங்க வீட்டுலருந்து ஒருத்தராவது போயி நிக்கணும். அதுக்குப் பெறகுதான் மன்னிப்பெல்லாம்." அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிள்ளைகளிடம் எதைச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் தீபாவளிச் சீசன் சூடுபிடித்தது. சித்தி என்னிடம் வந்து, கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாமே, அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றாள். எனக்கு அவளை விட மனசில்லை. ஆனாலும் சொன்னேன், அவரும் சேர்த்துக்கொண்டார். வெடிமருந்துப் பொடி சேலையில் ஒட்டாமல் இருக்கப் பெண்கள் மேலே முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வார்கள். என் கணவரின் பழைய சட்டைகள் இரண்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "இப்பப் பாருங்க்கா, நானும் மொதலாளி" என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். என் மகள் அதைப் போட்டோ எடுத்தாள்.

ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். ஆர்டர் குவிந்தால் சட்டம் மரத்தடிக்குப் போய்விடும். வேப்பமரத்து நிழலில் சாக்கை விரித்து ஆட்களை உட்கார வைத்து மருந்து அடைக்கச் சொல்வார்கள். ஒரு நாள் காலையில் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே போர்மேனிடம் போனில் சொன்னார்: "மரத்தடியில போட்டு உக்கார வையி. எவன் வந்து பாக்கப் போறான்?" போர்மேன் அந்தப் பக்கம் ஏதோ முனகினான், வேண்டாம் என்கிற மாதிரி. "சொன்னதச் செய்யிலே" என்று வைத்துவிட்டார். நான் அவர் தட்டில் அடுத்த தோசையைப் போட்டேன். பேசியதெல்லாம் என் காதில் விழுந்தது, வாயைத் திறக்கவில்லை. எதற்கெல்லாமோ பேசும் வாய் அன்றைக்குப் பேசவில்லை.

எங்கள் ஊரில் வெடிச்சத்தத்துக்கு யாரும் திடுக்கிட மாட்டார்கள், காது கொடுப்பார்கள். சோதனை வெடி உதிரியாக வரும். விபத்து மொத்தமாக வரும், அடுக்கிய பாத்திரம் அதிரும், அதன்பின் தெரு முழுக்கப் போன் அடிக்கும். புரட்டாசி மாதம், பள்ளிக்கூடத்துக்குக் காலாண்டு லீவு, காலை பதினொரு மணி. பாத்திரம் அதிர்ந்தது. கால் மணி நேரத்தில் என் கணவர் வந்தார். சட்டையில் கரி, கண்ணில் வெறி. பீரோவைத் திறந்து இரண்டு சட்டையும் சார்ஜரும் எடுத்தார். "என்னாச்சு?" என்றேன். "மரத்தடியில இருந்த அஞ்சு பேரும் போயிட்டாக" என்றார். எந்த அஞ்சு பேர் என்று கேட்பதற்குள் கார் கிளம்பிவிட்டது. வெடித்தால் முதலாளி முதலில் ஓட வேண்டும், முன்ஜாமீன் கிடைக்கிறவரை கண்ணில் படக் கூடாது. இது எங்கள் ஊரில் எழுதாத வழக்கம்.

ஐந்து பேரில் சித்தியும் ஒருத்தி. யாரோ எடுத்த வீடியோ மத்தியானத்துக்குள் எல்லார் போனிலும் வந்துவிட்டது. வேப்பமரத்தில் பாதிதான் இருந்தது. மிச்சக் கிளையில் சேலைத் துணி கருகித் தொங்கியது. ஒருவன் வாளியில் பொறுக்கிக்கொண்டிருந்தான். என்னத்தைப் பொறுக்குகிறான் என்று புரிந்தபோது நான் போனைத் தூக்கி எறிந்தேன். அதற்குள் என் தோளுக்குப் பின்னால் நின்று என் மகள் முழுதும் பார்த்துவிட்டாள்.

மறுநாள் போலீஸ்காரர் ஒருவர் பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே ஒரு சட்டைக் காலர். காலரில் எங்கள் தையல்காரரின் பட்டை, அதில் என் கணவரின் இனிஷியல். "மொதலாளியும் உள்ள மாட்டிக்கிட்டாரோன்னு சந்தேகம்மா" என்றார். "அது அவர் இல்லை, நான் ஒருத்திக்குக் கொடுத்த சட்டை" என்றேன். அப்படித்தான் எது சித்தியின் உடல் என்று அடையாளம் தெரிந்தது. காலரில் ஒட்டியிருந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

வக்கீல் போனில் கண்டிப்பாகச் சொன்னார். வீட்டில் ஒரு ஆள் வெளியே போகக் கூடாது. துட்டிக்குப் போனால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி, போட்டோ எடுத்துப் போட்டுவிடுவார்கள், அடித்தும் கொன்றுவிடுவார்கள். போர்மேனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. பிள்ளைகளுக்கு ஆச்சியான என் மாமியார் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"யாரும்மா போறது?" என்றாள் என் மகள்.

"எங்க?"

"சித்தி வீட்டுக்கு. நம்ம வீட்டுலருந்து ஒருத்தராவது போகணும்ல?"

பளாரென்று அறைந்தேன். "வாயை மூடு. தெரியாத விஷயத்துல தலையிடாத." அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அறைந்த கை எரிந்தது. அவள் சொன்னது சரி என்று தெரிந்ததால்தான் அவ்வளவு பலமாக அறைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளைக் காணவில்லை. கழிப்பறைக் கதவு வழியாகப் போய்க் கொல்லைப்புறச் சுவர் ஏறிக் குதித்திருக்கிறாள். மகனைப் பிடித்து உலுக்கினேன். தெரியாது என்றான். துடைப்பத்தின் அடிக்கட்டையால் இரண்டு போட்டதும் கக்கினான். "அக்கா துட்டி கேக்கப் போயிருக்கா. மினிபஸ்ல. சொல்லக் கூடாதுன்னு சாமி மேல சத்தியம் வாங்கிட்டா. ரெண்டு சாமி மேலயும்."

சாவி கொடுங்கள் என்று மாமியாரிடம் கேட்டேன். "நீயும் போனா ரெண்டு பொணமா வரும்" என்றார். இடுப்பில் கை விட்டுச் சாவியைப் பிடுங்கினேன். அவர் கீழே விழுந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சித்தியின் ஊர் எல்லையிலேயே ஆட்டோக்காரர் நிறுத்திக்கொண்டார். பந்தல் தெரிந்தது, ஓட்டமும் நடையுமாகப் போனேன். பந்தலுக்கு வெளியே வெயிலில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். கைகட்டி, பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிற்பது போல. இடது புருவம் பிளந்து, ரத்தம் கன்னத்தில் வழிந்து, சட்டையில் காய்ந்திருந்தது. காலடியில் ஒரு பித்தளைச் செம்பு கிடந்தது.

சித்தியின் அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "வந்துட்டாளா மகராசி! அம்புட்டுப் பேரும் ஓடி ஒளிஞ்சுக்கிட்டு, ஒரு பச்சப்பிள்ளைய அனுப்பி வச்சிருக்கீக. அதப் பாத்தா நாங்க எரக்கப்பட்டு விட்டுருவோம்னுதானே? எம்புட்டுத் தைரியம்!"

"நான் அனுப்பலை" என்றேன்.

"பின்ன, அதுவா வந்துச்சா? பதினோரு வயசுப் பிள்ளைக்கு அதுவாத் தெரியுமா?"

என் முடியைப் பிடித்தாள். அதன்பின் எத்தனை கை என்று எனக்குத் தெரியாது. தரையில் இழுத்தார்கள். ஒருத்தி நெஞ்சில் மிதித்தாள், ஒருத்தி செருப்பால் வாயில் அடித்தாள், பல் ஒன்று ஆடிவிட்டது. "என் தங்கச்சிய மூட்டையாக் கட்டிக் குடுத்தாங்கடி. பிரிச்சுப் பாக்கக்கூட விடலைடி" என்று சொல்லிச் சொல்லி அக்கா அடித்தாள். அவள் அடித்ததில் ஒரு அடிகூடத் தப்பு இல்லை. அது எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் நான் ஒன்றும் அந்த உபதேசியார் இல்லை. முகத்துக்கு நேரே வந்த ஒரு கையைக் கடித்துவிட்டேன். யார் கை என்று இன்றுவரை தெரியாது. நாக்கில் ரத்தம் கரித்தது, அவளுடையதா என்னுடையதா, அதுவும் தெரியாது.

மூச்சு வாங்கி அவர்களே விட்டார்கள். அக்கா என் எதிரே குந்தினாள். குரல் இறங்கியிருந்தது. "மன்னிப்பு, மயிரு, ஒண்ணும் எனக்கு வேண்டாம். உன் புருசன் எங்கன இருக்கான்? அத மட்டும் சொல்லு."

"தெரியாது" என்றேன்.

"உனக்குத் தெரியாம இருக்காது. எங்கன இருக்கான்?"

"சத்தியமாத் தெரியாது."

மறுபடியும் கேட்டாள். மறுபடியும் தெரியாது என்றேன். மூன்று தரம். சேவல் கூவுவதற்கு முன் கர்த்தரைத் தெரியாது என்று மறுதலித்த சீடன் எத்தனை தரம் மறுதலித்தான் என்ற கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லித்தான் என் முதல் பரிசுப் புத்தகத்தை வாங்கினேன். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வந்து, வாயெல்லாம் ரத்தமாக இருந்தும் சிரிப்பு வந்தது. பைத்தியம் என்று நினைத்துத்தான் எங்களை விட்டிருப்பார்கள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவுக்கு நடந்தேன்.

ஆட்டோவில் முந்தானையால் அவள் புருவத்தை அழுத்திப் பிடித்தேன். அவள் அழவில்லை. "வந்ததுக்கா அடிச்சாங்க?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. வந்ததுக்கு யாரும் அடிக்கலை. உக்காருன்னுதான் சொன்னாங்க. அப்பா எங்கன்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன். அப்பத்தான் செம்பு வந்துச்சு."

"உனக்குத் தெரியுமா?"

"சாத்தூர்லதானே. தோட்டத்து வீட்டுல. ஆச்சி போன்ல பேசுனது நம்ம ரெண்டு பேருக்கும்தானே கேட்டுச்சு."

ஆட்டோ கருவேலங்காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் என் கையை விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நானும் பொய் சொல்லிட்டேன், நீயும் பொய் சொல்லிட்ட. அப்ப நாம எதுக்கும்மா போனோம்?"

"திருப்புங்க" என்றேன் ஆட்டோக்காரரிடம். துட்டி வீட்டிலிருந்து கிளம்பினால் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும், நேரே போய்த் தலை முழுக வேண்டும், மறுபடி அந்த வாசலை மிதிக்கக் கூடாது. அவரும் அதைச் சொல்லிப் பார்த்தார். "திருப்புங்க அண்ணே" என்று கத்தினேன்.

பந்தலுக்குள் நேரே போய் அக்காவின் முன்னால் நின்றேன். "சாத்தூர் தாண்டி, ரயில் கேட்டுக்கு மேக்க, கொய்யாத்தோட்டத்துக்குள்ள ஒரு வீடு. அங்கன இருக்காரு." அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போ" என்றாள். அவ்வளவுதான்.

நியாயத்துக்காகச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். மகளின் புருவத்தைப் பார்த்த ஆத்திரத்தில், இந்த ஆளால்தானே இத்தனையும் என்ற வெறுப்பில் சொன்னேன் என்பதுதான் உண்மைக்குக் கிட்டே வரும். இரண்டும் கலந்திருந்ததோ என்னவோ.

அன்று சாயங்காலமே இரண்டு வேனில் போயிருக்கிறார்கள். உயிரை எடுக்கவில்லை. கொய்யா மரத்தில் சாய்த்துப் பிடித்து, வலது முழங்கையைக் கடப்பாரையால் அடித்து உடைத்து, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரி, சிறை, ஜாமீன் என்று ஏழெட்டு மாதம் போயிற்று. கேஸ் இன்னும் நடக்கிறது. அந்தக் கை மடங்காது. சோறு பிசைந்து தட்டில் வைத்தால் இடது கையால் எடுத்துச் சாப்பிடுவார். பிசைந்து வைப்பது நான்தான்.

கதை வாசிப்பது அதோடு நின்றது. மகன் இரண்டு மூன்று முறை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். மகள் மட்டும் சாமான் அறைக்குப் போய்த் தனியாக வாசிப்பாள். ஒரு நாள், "இப்பல்லாம் நீ ஜெபம் பண்றியாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நான் பண்றேன். காளி படத்துக்கு முன்னால நின்னுதான் பண்றேன். வேற எடம் இல்லையே" என்றாள். அவள் என்ன கேட்டு ஜெபிக்கிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

தன்னை யார் காட்டிக்கொடுத்தது என்பது ஒன்றுதான் என் கணவரை அரித்துக்கொண்டிருந்தது. அந்த ஐந்து பேரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அமைதியாகச் சொன்னார்: "போர்மேன்தான். வீட்டு ஆளுகளத் தவிர தோட்டத்து வீடு அவனுக்குத்தான் தெரியும். போலீஸ்ல உள்ள இருந்துக்கிட்டே எவன்கிட்டயோ சொல்லி விட்டுருக்கான். இப்ப ஜாமீன்ல வெளிய வந்துட்டான்ல, அடிக்க ஆள் சொல்லிட்டேன். இந்த வாரத்துக்குள்ள அவன் ரெண்டு காலும் இருக்காது."

என் கை சோற்றில் நின்றது. வேண்டாம் என்று முனகிய ஒரே ஆள் அந்தப் போர்மேன். சொல்ல வேண்டியது நான். ஊர் அறிய அடி வாங்கியவள், என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பயந்துவிட்டேன்.

"போர்மேன் மாமா இல்லப்பா" என்றாள் என் மகள். தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்து நின்றாள். "நான்தான் சொன்னேன். துட்டிக்குப் போனேன்ல, அப்பச் சொன்னேன்."

அவள் சொல்லவில்லை. செம்பால் அடித்தும் அவள் சொல்லவில்லை. அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. இடது கை நன்றாகத்தான் இருந்தது. முதல் அடி விழுந்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை, அதை எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் பண்ணுவேன். அவள் மேஜை விளிம்பைப் பிடித்து நிமிர்ந்து, மறுபடி அவர் முன்னால் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது அடிக்கு முன்னால் எனக்கு நேரம் இருந்தது. நிறையவே இருந்தது. அது விழுந்த பிறகுதான், "அவளை விடுங்க. சொன்னது நான்" என்றேன்.